தோளில் மிச்சமிருந்த நான்கு விரல்கள்

என் மகள் டென்னிஸ் ஆடிப் பிழைக்கிறவள். இதைச் சொன்னதும் எங்கள் சனம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒத்தையாவா, ஜோடியாவா?" ஜோடி என்று சொன்னால் முகம் வாடிவிடும். "ஓ, ஜோடியா" என்று இழுப்பார்கள். பிறகு, ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த நகைச்சுவை போல, "அந்த ஜோடி சரி லா டீச்சர், இந்த ஜோடி எப்போ?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். என் மகளுக்கு வயது இருபத்தொன்பது. இந்தச் சிரிப்பை ஆறு வருடமாகக் கேட்கிறேன்.

இதே ஆட்கள்தான் பூப்பந்தில் நம் மலேசிய ஜோடி வென்றால் தம்பின் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் மேசையைத் தட்டிக் கூச்சல் போடுவார்கள். பூப்பந்தில் ஜோடி என்றால் வீரம், டென்னிஸில் ஜோடி என்றால் பாதி ஆள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. பதில் தெரியாதவர்கள்தான் சத்தமாகப் பேசுவார்கள் என்பதை இருபத்தெட்டு வருட ஆசிரியப் பணியில் கற்றிருக்கிறேன்.

அவள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரட்டையர் ஆட்டம் மட்டுமே ஆடுகிறவளுக்கு மட்டை, காலணி, கடவுச்சீட்டு இவற்றோடு இன்னொரு ஆளும் வேண்டும். ஆளுக்கு ஒரு தர எண் உண்டு. இருவருடைய எண்களையும் கூட்டி, தொகை சிறியதாக வரும் ஜோடிகளைத்தான் பெரிய போட்டிகளில் சேர்ப்பார்கள். அதனால் நல்ல எண் உள்ளவளைத் தேடி எல்லாரும் அலைவார்கள். கையெழுத்து, ஒப்பந்தம் எதுவும் கிடையாது. போன வாரம் பக்கத்தில் நின்றவள் இந்த வாரம் வலைக்கு அந்தப் பக்கம் நிற்பாள். குறுஞ்செய்தியில் சேர்வார்கள், குறுஞ்செய்தியில் பிரிவார்கள். கல்யாணத் தரகர்கள்கூட இவர்களைவிட முகம் பார்த்துப் பேசுகிறவர்கள்.

மகள் முதலில் ஒற்றையர்தான் ஆடினாள். இருபத்துமூன்று வயதில் தோள்பட்டை கெட்டது. ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, இனி இரட்டையர் மட்டும் என்றாள். "பாதி மைதானம்தான மா, பாதி தோளே போதும்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்று முதல் அவள் ஆட்டத்தைக் கணினித் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான். வலையருகே நிற்கிறவள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு விரல்களால் சைகை காட்டுவாள். பின்னால் இருப்பவள் அதைப் பார்த்துப் பந்து போடுவாள். பரீட்சையில் பின்வரிசைப் பிள்ளைக்கு விடை காட்டுகிற பிள்ளைகளைத்தான் அது எனக்கு நினைவூட்டும்.

அப்படி விரல் காட்டுகிறவளாகக் கடைசி ஒன்றரை வருடம் இருந்தவள் ஒரு தாய்லாந்துப் பெண். இடக்கைக்காரி. ஒருத்தி வலக்கை, ஒருத்தி இடக்கை என்றால் எதிரிகளுக்குத் தலைசுற்றும் என்று மகள் சொல்வாள். நகங்களுக்கு எப்போதும் பச்சைப் பூச்சு. சென்ற ஆண்டின் கடைசியில் இருவரும் ஒரு போட்டியில் கிண்ணம் வாங்கினார்கள். அடுத்த இரண்டு வாரம் ஓய்வு. மகள் அவளைப் பாரோயில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

வந்த அன்று அடுக்களையில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "மா, அவள வேற ஒருத்தி கூப்புட்டுக்கிட்டு இருக்கா. எங்கள விட நல்ல நம்பர். இவ இன்னும் முடிவு பண்ணல. அடுத்த வருசம் முழுக்க என்கூட இருன்னு கேக்கப் போறேன். போன்ல கேக்கக் கூடாதுன்னுதான் கூட்டிட்டு வந்தேன். அவ போயிட்டா நான் திரும்ப சின்ன டோர்னமென்ட்டுதான்."

"கேளேன்" என்றேன்.

"கேக்கறேன். ஞாயித்துக்கெழம, கோயில்ல எல்லாம் முடிஞ்சதும். அவளுக்குச் சந்தோசமா இருக்கும் இல்ல? அந்த நேரத்துல."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்ன என்று சொல்ல வேண்டும். நான் பிறந்த ரப்பர்த் தோட்டம் தம்பின் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. சனங்கள் சிரம்பானுக்கும் பாரோய்க்கும் வந்துவிட்டார்கள். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. வாரத்தில் ஆறு நாள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காடியில் வந்து இறங்கி, இரண்டு மணி நேரம் தோட்டத்துக்காரர்களாக இருப்பார்கள். அங்கே மகளுக்குப் பாராட்டு விழா என்று ஆலயத் தலைவர் முடிவு செய்திருந்தார்.

தலைவரைப் பற்றி நல்லதாக எதுவும் எனக்கு எழுத வராது. ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினால் திருப்பித் தராதவர். தமிழில் நாலு வார்த்தைக்கு மூன்று மலாய், ஆங்கிலம் கலக்கிறவர். அவர் வாட்ஸ்அப் என்பார், நான் புலனம் என்று திருத்துவேன். "ஆமா லா டீச்சர், பொலனம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நொடியே வாட்ஸ்அப் என்பார். பேனருக்கு வாசகம் கேட்டு அவர் அழைத்தபோது, "டபுள்ஸ் சாம்பியன்னு போட்டுரலாமா டீச்சர்?" என்றார்.

"கோயிலில் ஆங்கிலம் எதற்கு? இரட்டையர் வெற்றியாளர் என்று போடுங்கள்" என்றேன்.

"இரட்டையர்." ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "சரி, நல்லாத்தான் இருக்கு. படம் ஒன்னு அனுப்பிருங்க."

படம் அனுப்பினேன். பிறகு அந்த வாரம் அவர் மூன்று தடவை அழைத்தார். மாலை யார் போடுவது, பொன்னாடை யார் போர்த்துவது என்று அறுப்பார் என நினைத்து நான் எடுக்கவில்லை.

ஞாயிறு காலை என் கணவர் காடியை ஓட்ட, நாங்கள் நால்வரும் போனோம். தாய்லாந்துப் பெண் என் மஞ்சள் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். மகள் கட்டிவிட்டது. வழியெல்லாம் செம்பனையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோயில் வாசலில் இறங்கித் தலையை நிமிர்த்தினோம்.

பேனரில் என் மகள் இரண்டு பேராக இருந்தாள்.

ஒருத்தி வலக்கையில் மட்டை பிடித்திருந்தாள். பக்கத்தில் அதே முகம், அதே சிரிப்பு, இடக்கையில் மட்டை. படத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில்: நம் தோட்டத்தின் இரட்டையர் வெற்றியாளர்களுக்கு வாழ்த்துகள்.

தலைவர் ஓடி வந்தார். "எப்படி இருக்கு டீச்சர்? போன் அடிச்சேன், நீங்க எடுக்கல. உங்களுக்கு ரெட்டப் புள்ளைங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது பாருங்க. ஒரு படந்தான் வந்துச்சு. பேனர் கடைப் பையன் என்னா செய்யறதுன்னு கேட்டான். ரெட்டைன்னா ஒரே மூஞ்சிதான லா, அதையே திருப்பிப் போடுன்னுட்டேன்." சுற்றிலும் பார்த்தார். "இன்னொரு பாப்பா வரலியா?"

இரட்டையர் என்றால் அவர் அகராதியில் இரட்டைப் பிள்ளைகள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தாய்லாந்துப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பேனருக்குக் கிட்டப் போனாள்.

தலைவர் அவளைக் கண்ணால் காட்டி என்னிடம் கேட்டார்: "இவங்க யாரு டீச்சர், கோச்சா?"

"கூட வந்தவங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்துவிட்டேன். அந்த மனிதருக்கு விளக்கம் சொல்வதே கேவலம் என்று தோன்றியது, அது ஒன்று. ஆனால் அது மட்டும் இல்லை. மனதில் இருந்ததுதான் வந்தது. என் பெண் ஆடுகிறாள், இவள் கூட வருகிறாள். மகள் என் பக்கம் திரும்பினாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

அதற்குள் அந்தப் பெண் பேனரை இன்னும் உற்றுப் பார்த்துவிட்டாள். படத்தில் மகளின் தோளில் நான்கு விரல்கள் இருந்தன. யாருடையவை என்று தெரியாத நான்கு விரல்கள். பச்சை நகங்கள். திருப்பிப் போட்ட படத்தில் மற்றத் தோளிலும் அதே நான்கு. அவள் தன் வலக்கையைத் தூக்கி, அந்த விரல்களின் மேல் சரியாகப் பொருந்தும்படி வைத்தாள். "இந்தக் கை எனக்குத் தெரிந்த கை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு நகர்ந்து, இடக்கை மகளின் பக்கத்தில், அதே மாதிரி இடக்கையை உயர்த்தி நின்று காட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். தலைவர் கைப்பேசியில் படம் எடுத்தார்.

விழா நடந்தது. தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். "இன்னொரு சகோதரி வெளியூர்ல வெளையாடிக்கிட்டு இருக்கறதா கேள்வி" என்று அறிவித்தார். திருத்த வேண்டியவள் நான். நான் தலையைக் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு மாலை, பொன்னாடை, தட்டு. மகள் தன் மாலையைக் கழற்றி முன்வரிசையில் இருந்த அந்தப் பெண்ணின் கழுத்தில் போட்டாள். விருந்தாளிக்கு மரியாதை செய்கிறாள் என்று சனம் பூரித்தது. வாழை இலையில் சாப்பாடு. அந்தப் பெண் ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கினாள்.

சாப்பிட்டு முடிந்ததும் இருவரும் செம்பனைப் பக்கம் நடந்து போனதைப் பார்த்தேன். கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். மகளின் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து மகள் மறுபடி வீட்டில் இருந்தபோது அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. அடுத்த வருடம் வேறொருத்தியுடன் ஆடப் போகிறாளாம். தர எண் காரணமாம். அழகாக எழுதியிருந்தாள், நன்றி எல்லாம் சொல்லி.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "ஒன்றரை வருஷம் தோளில் தூக்கித் திரிந்தாய். நன்றி கெட்டவள். என் புடவையைக் கட்டிக்கொண்டு, என் சோற்றைத் தின்றுவிட்டு..."

"மா, நான் கேக்கறதுக்குத்தான் அவ காத்துக்கிட்டு இருந்தா."

"நீதான் கேட்டாயே."

"கேக்கல." மகள் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "கேக்கத்தான் நடந்து போனோம். எப்படி மா கேக்கறது? இங்க வந்தா அவ கூட வந்தவ, படத்துல அவ நாலு வெரல். அடுத்த வருசம் பூரா என்கூட இருன்னு எந்த மொகத்த வச்சுக்கிட்டு கேக்கறது? ரசம் நல்லா இருந்துச்சான்னு கேட்டேன். நல்லா இருந்துச்சுன்னா. திரும்பி வந்துட்டோம்."

"பேனர் அடித்தது அந்த முட்டாள்..."

"படத்த வெட்டினது யாரு மா?"

பேனர் கடைக்காரன் என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே அவள் என் கைப்பேசியை எடுத்துப் புலனத்தில் தலைவருக்கு நான் அனுப்பியதைத் திறந்துவிட்டாள். அங்கே வெட்டிய படம்தான் இருந்தது. படத்தொகுப்பில் முழுப் படமும் அதன் பக்கத்திலேயே இருந்தது: இரண்டு பெண்கள், நடுவே கிண்ணம், ஒருத்தி மற்றவளின் தோளைச் சுற்றிக் கைபோட்டிருந்தாள். நான் அந்தப் பெண்ணின் முழங்கையோடு ஒட்டி நேர்கோடாக வெட்டியிருந்தேன். தோளுக்கு மேலே வந்த விரல்களை வெட்டினால் மகளின் தோளும் போய்விடும் என்று விட்டிருந்தேன். விரலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மகள் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ஒத்தையா ஆடினா புடிக்கும்னு எனக்குத் தெரியும் மா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கைப்பேசியை என் கையில் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

இப்போது அவள் எங்கோ ஒரு சிறிய ஊரில் இருக்கிறாள். ஜோடி கிடைக்காதவர்கள் போட்டிக்கு முந்தின நாள் போய்ப் பெயர் எழுதிவிட்டு, தன்னைப் போலவே தனியாக வந்த இன்னொருத்திக்காகக் காத்திருப்பார்களாம். சில வாரம் ஆள் கிடைக்கிறது. சில வாரம் பையைத் திறக்காமலே அடுத்த ஊருக்குப் போகிறாள். அங்கிருந்து எனக்குச் செய்தி அனுப்புவாள், அன்போடுதான் அனுப்புவாள். ஆனால் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

போன வாரம் தலைவர் அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தேன். தப்பு நடந்துபோச்சு என்று யாரோ சொல்லிவிட்டார்களாம், பேனரைத் திருத்தி மறுபடி மாட்டப் போகிறாராம். "இந்த வாட்டி டபுள்ஸ்னே போட்டுரட்டா டீச்சர்?" என்றார். போடுங்கள் என்றேன். சரியான படம் அனுப்பச் சொன்னார். வெட்டாத படத்தை அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. என் மாணவர்களிடம் பார்த்திருந்தால் நான் சிவப்பு மையால் சுழித்திருக்கும் எழுத்துப்பிழைகளோடு:

"டீச்சர் இந்த பொன்னு அன்னிக்கு மஞ்ச பொடவைல வந்தவங்க தான. நீங்க கூட வந்தவங்கனு சொன்னிங்களே."

நான் படித்துவிட்டேன் என்பதைக் காட்டும் இரண்டு நீலச் சரிக்குறிகள் அவருக்குத் தெரிந்திருக்கும். இன்னும் பதில் எழுதவில்லை.