வேளாங்கண்ணி போக இரண்டு காற்றுப் பைகள்

போன வாரம் ஒரு காலையில் கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரம் டீ குடித்துக்கொண்டு நின்றேன். தேர்வாய் கண்டிகைக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்று, 'புஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டு, ஒரு பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்தது. ஏறுகிறவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று இப்போதைய பஸ்கள் சில இப்படிக் குனிந்து கொடுக்கின்றன. பக்கத்தில் நின்றவர், "பிரேக் காத்து" என்றார். "இல்லைங்க, அது சக்கரத்துகிட்ட இருக்கிற ரப்பர் பை" என்று ஆரம்பித்த நான், அவர் டீயில் பன்னை முக்குவதில் மும்முரமாக இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் பாதியில் எழுந்து போக மாட்டீர்கள்.

அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் கூடவே ரப்பர் வாசனையும் வந்துவிடும். ரப்பர் வாசனை என்றால் என் அக்கா ஸ்டெல்லா. ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுவது அவள் வேலை. எந்தச் சோப்புப் போட்டாலும் அந்தப் பசை வாசனை கையைவிட்டுப் போகாது. அவள் பரிமாறும் மீன்குழம்பிலும் அது லேசாக இருப்பதாக எனக்குத் தோன்றும். சொன்னால் கரண்டியால் அடி விழும்.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து ஸ்கூட்டியில் வரும்போது, ரோட்டில் சிந்திக் கிடந்த மணலில் வண்டி சறுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. ஆபரேஷனுக்குப் பிறகு கோல் ஊன்றி நடந்தாள். உட்காரத்தான் முடியவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே முகம் வெளுத்துவிடும். வருஷம் தவறாமல் வேளாங்கண்ணி போகிற குடும்பம் எங்களுடையது. அந்த வருஷம் போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டே போகலாமே என்று யாரோ யோசனை சொன்னபோது அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள்: "மாதாவப் பாக்கப் பொணமாட்டம் போவச் சொல்றியா?"

அக்கா புருஷன் அந்தோணி மாமா கம்பெனி பஸ் ஓட்டுபவர். ஆந்திர எல்லையில் இருக்கும் ஆரம்பாக்கத்துக்காரர் என்பதால் அவருக்கு எல்லாரும் 'நைனா'தான். நான் நைனா, டீக்கடைக்காரர் நைனா, ரோட்டை மறிக்கும் எருமையும் நைனா. அவர் ஒரு நாள் பழைய இரும்புக் கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"நைனா, ஒரு வண்டி கீது. உள்ள கட்டில் கீது, அடுப்பு கீது, கக்கூஸ்கூட கீது!"

போய்ப் பார்த்தேன். கருவேலம் புதருக்குள், என்னைவிட வயதில் மூத்த ஓர் அமெரிக்க வண்டி. எந்தக் காலத்திலோ சினிமாக்காரர்கள் கப்பலில் இறக்கியதாம். பக்கவாட்டில் அகலமான ஜன்னல், ஜன்னல் ஓரமாகக் கட்டில். முன்பக்கம் ராஜா மாதிரி நிமிர்ந்திருக்க, பின்பக்கம் மட்டும் நாய் உட்கார்ந்த மாதிரி தரையில் உட்கார்ந்திருந்தது. பின்னால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரம். இரண்டுக்கும் நடுவில், லாரிகளில் இருக்கும் பட்டை வில்லுக்குப் பதிலாக ஒரு ரப்பர் பை படுத்திருக்கும். அதற்குள் இருக்கும் காற்றுதான் வண்டியின் பின்பாரத்தைத் தாங்குகிறது. அந்த இரண்டு பைகளும் பித்தவெடிப்பு வந்த குதிகால்போல வெடித்துக் கிடந்தன.

"காத்து மேல போற வண்டி நைனா. குலுங்கவே குலுங்காது. அக்காவப் படுக்க வச்சுக்கினு போயிடலாம்."

மாமா அதை வாங்கி, வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சினை எப்படியோ கெஞ்சிக் கூத்தாடிப் பேச வைத்தார். காகிதங்களைச் சரிசெய்த கதை உங்களுக்குத் தூக்கம் வரவழைக்கும், விட்டுவிடுகிறேன். எனக்கு அப்போது இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. உலகத்தில் மாட்ட முடியாத சாமான் எதுவும் இல்லை என்று நினைத்திருந்த வயசு. உள்ளூரில் பஸ்ஸுக்குப் போடும் பையை வாங்கி, அது உட்காரத் தோதாக இரும்புத் தகடு வெட்டி மாட்டினோம். வண்டி எழுந்து நின்றது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அக்காவைப் படுக்க வைத்துக் கவரைப்பேட்டை வரை வெள்ளோட்டம். போகும்போது தாலாட்டு. திரும்பும்போது ரயில்வே கேட் பக்கம் 'டமார்' என்று ஒரு சத்தம். அளவு சேராத பை இரும்பில் உரசி உரசிக் கிழிந்துவிட்டது. பின்பக்கம் தடாலென்று விழுந்ததில் அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அலறினாள். மாமா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு உள்ளே ஓடி, அவள் காலைப் பிடித்துக்கொண்டு மண்டிபோட்டு அழுதார்.

"வேணாம் ஸ்டெல்லா. இத்தோட உட்டுடலாம்."

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "வலி எனக்கு. நீ இன்னாத்துக்கு அழுவுற? போயி சரியான பையா வாங்கி மாட்டு."

அதற்கப்புறம் பல நாள் அவள் சுவர் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். வெளியே வண்டியும் மறுபடி நாய் மாதிரி உட்கார்ந்திருந்தது. மாமாவும் நானும் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தோம். ஆனால் சமையலறையில் யாராவது வேளாங்கண்ணி என்று பேச்செடுத்தால் உள்ளிருந்து குரல் வரும்: "பை கெடச்சுதா?"

கிடைத்தது. என்னோடு ஐடிஐயில் படித்தவன் ஒருவன் அமெரிக்காவில் இருந்தான். அவனிடம் சொல்லி வைத்தேன். கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்தபோது, அந்த வண்டிக்கென்றே செய்த பைகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டான். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்தவர்கள், இது என்ன என்று கேட்டார்களாம். "பலூன் சார்" என்றானாம். குழந்தைகளுக்கா என்று கேட்டதற்கு, "இல்ல சார், ஒரு அக்காவுக்கு" என்றிருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போல ஒன்று இனி வராது. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் கனமான ஸ்டாண்டும் கட்டையும் கொடுத்தோம். சக்கரங்கள் தொங்கின. துருப்பிடித்த நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தட்டித் தட்டிக் கழற்றினோம். புதுப் பை மினுமினுவென்று, பிறந்த எருமைக் கன்று மாதிரி இருந்தது. இந்த முறை தகடு வெட்ட வேண்டியிருக்கவில்லை. அதது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. பஞ்சர் கடை கம்ப்ரசரை இழுத்து வந்து, டயருக்கு அடிப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விட்டோம். சோப்பு நுரை பூசி, எங்காவது குமிழி வருகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தோம். ஒரு குமிழியும் இல்லை.

ஸ்டாண்டை எடுத்து, மாமா ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குள் அக்கா கோலோடு வாசலுக்கு வந்துவிட்டாள். காற்று ஏறும்போது தான் உள்ளே இருக்க வேண்டும் என்று பிடிவாதம். அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, காற்றைக் கொஞ்சம் இறக்கி மறுபடி ஏற்றினோம். ஜன்னல் வழியே அவள் கூவினாள், ராட்டினம் ஏறிய பிள்ளை மாதிரி:

"ஒசருது! டேய், ஒசருதுடா!"

மாமா முகத்தைத் துணியில் துடைத்தார். அது கிரீஸ் துணி. கன்னமெல்லாம் கறுப்பு.

பொங்கல் கழிந்து கிளம்பினோம். அக்கா ஒருக்களித்துப் படுத்து, ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். "இது இன்னா ஊரு? மெதுவா போ. போர்டு படிக்க முடியல" என்று வழியெல்லாம் மாமாவை விரட்டினாள். சிதம்பரம் தாண்டி, வயல்வெளிப் பக்கம் நிறுத்தி, வண்டிக்குள்ளேயே டீ போட்டுக் குடித்தோம். தம்ளரில் டீ தளும்பாமல் இருந்ததைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். வேளாங்கண்ணியில் மாதாவைப் பார்த்துவிட்டு, மாமா தோளைப் பிடித்தபடி அலையில் கால் நனைத்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். "ஒண்ணும் கேக்கல. வந்துட்டேன்னு சொன்னேன்" என்றாள்.

அப்புறம் அந்த வண்டிதான் அவர்கள் வீடு. பழவேற்காடு, திருவள்ளூர்க் குளக்கரை என்று எங்கெங்கோ போனார்கள். போகாத நாட்களிலும் காலி மனையில் நின்ற அந்த வண்டிக்குள்தான் தூங்கினார்கள். அந்த மெல்லிய ஆட்டம் முதுகுக்கு இதமாக இருக்கிறது என்பாள் அக்கா. சாயங்காலத்தில் எங்கள் தெருப் பெண்கள் அவள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பூக்கட்டுவார்கள். நான் கம்பெனியிலிருந்து திரும்பும்போது அவர்கள் சிரிப்புதான் முதலில் காதில் விழும்.

ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அக்கா போய்விட்டாள். மாமா கொஞ்ச காலம் தனியாக வண்டிக்குள் படுத்துப் பார்த்தார். மனையின் சொந்தக்காரர் இடத்தை விற்றதும் வண்டியை வெட்டிப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டுவிட்டார்கள். மாமா இப்போது வேப்பம்பட்டில், தம்பி மகன் வாங்கிய ஃபிளாட்டில் இருக்கிறார். போய்ப் பார்த்தால், "தேக்குக் கட்டில் நைனா, மெத்தயெல்லாம் நல்லாத்தான் கீது. ஆனா ஆட மாட்டேங்குது. தூக்கமே வரல" என்கிறார்.

போன மாதம் அந்தப் பக்கமாக நடந்து போனேன். மனை இருந்த இடத்தில் நீல நிறத் தகரக் கூரை போட்ட பெரிய குடோன். எங்கள் வீடு, தெருப் பெண்களின் வீடுகள், பஞ்சர் கடை எல்லாம் அதன் சுற்றுச்சுவருக்குள் போய்விட்டன. வண்டி நின்ற இடம் எதுவாக இருக்கும் என்று கேட் வழியே எட்டிப் பார்த்தேன். செக்யூரிட்டி எழுந்து வந்தார்.

"இன்னா சார் தேடறீங்க?"

"முன்னாடி இங்க..." என்று இழுத்தேன்.

"முன்னாடி இங்க ஒண்ணுமே இல்ல சார். சும்மா பொட்டல்" என்றார்.