மூன்றாம் வரிசை மனை

தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, இரும்புலியூரையும் தாண்டி வந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எதிரே ஏரி. கோடையில் நான் வாங்கிய மனை அதற்குள் இருக்கிறது. எல்லைக் கல்லின் தலை மட்டும் வெளியே தெரிகிறது. அதன்மேல் ஒரு கொக்கு.

நான் சரித்திர வாத்தியார். கிராமங்கள் ஒட்டிக்கொண்டு மெட்ராஸ் ஆன கதையை வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறவன். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துத் தெரு போட்டார்கள் என்று சொல்லும்போது குரல் தானாக உயரும். நகரம் தெற்கே வருகிறது, முந்திக்கொள்வோம் என்று இந்த மனையை வாங்கியதும் அந்தச் சரித்திர ஞானத்தால்தான். அன்று காலடியில் காய்ந்து வெடித்துக் கிடந்த தரை ஏரி என்பது மட்டும் தெரியவில்லை.

தண்ணீரில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பவர் கேட்கிறார்.

"இன்னா சார், மனை பாக்க வந்தீங்களா? எந்த வரிசை?"

"மூணாவது."

"உங்களுக்கு முட்டி வரிக்கும்தான் கீது. நம்மளுது அஞ்சாவது. இடுப்பு முழுகுது."

"நீங்களுமா? இது ஏரின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா மெட்ராஸ்லேர்ந்து வாத்தியாருங்கல்லாம் வந்து வாங்குனாங்க. படிச்சவங்க வெவரம் இல்லாமலா வாங்குவாங்கன்னு நானும் வாங்கிட்டேன்."

என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்கிறார். தபால் ஆபீஸ் என்கிறேன்.

திரும்பி நடக்கிறேன். தெருக்குழாயில் குடத்தோடு நின்று சலித்த என் மனைவி, இன்று ஒன்றே ஒன்றைத்தான் விசாரித்துக்கொண்டு வரச் சொன்னாள்: அங்கே தண்ணீர் வசதி எப்படி?