வெள்ளிக்கிழமை விரால்

நேற்றுச் சந்தை மீன்கடையில் ஒரு பேசினுக்குள் உயிரோடு விரால் நெளிந்துகொண்டிருந்தது. குனிந்து மணந்து பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சேற்று மணமே இல்லை. ஆனாலும் எங்கள் பழைய அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த பொதுக்குளம் ஞாபகம் வந்துவிட்டது, கூடவே அங்கே என்னோடு வேலை பார்த்த பற்றிக் அண்ணையும்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பக்கத்து மேசை பற்றிக் அண்ணை. குருநகர்க்காரர், கடல்மீன் தின்று வளர்ந்த உடம்பு. நானோ தென்மராட்சித் தோட்டக்காரக் குடும்பம். வேலை முடிந்தால் தூண்டிலும் கையுமாகக் குளக்கட்டில் நிற்பேன். "உது மீனே? சேறு" என்பார். குளத்து மீனும் மீன்தான் என்று அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். அந்த வயதில் எனக்கு அதுதான் இலட்சியம், பதவி உயர்வெல்லாம் அதற்குப் பிறகுதான். என்ன பிரயோசனம்? இரண்டு மாதமாகியும் ஒரு விரால் அகப்படவில்லை. இரைக்குப் பிடித்த தவளைக்குஞ்சுகள்தான் குறைந்தன.

மாசி மாதம் ஒரு பின்னேரம், தவக்காலத்துச் சிலுவைப்பாதை வழிபாட்டுக்கென்று வெள்ளைச் சேட்டு உடுத்திக்கொண்டு புறப்பட்டவர், போகிற வழியில் என்னைப் பகிடி பண்ணக் குளக்கட்டுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துத் தாமரை இலைக்கருகே சளக்கென்று ஒரு சத்தம். இழுத்தேன். கை நீள விரால்! கரைக்கு வந்ததும் தூண்டில் கழன்றுவிட்டது. விரால் சும்மா கிடக்குமா? பாம்புபோல வளைந்து தண்ணீரை நோக்கிப் போனது. நான் ஆவென்று நிற்க, பற்றிக் அண்ணை வெள்ளைச் சேட்டோடு அதன்மேல் குப்புற விழுந்தார்.

"தலையைப் பிடியடா, விடாதை!"

சேறு என்று சொன்ன அதே வாய்.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளியில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாசல் படலை தாண்டாது. அம்மா மீனை மட்டுமல்ல, என்னையும் உள்ளே விடமாட்டார். பற்றிக் அண்ணை வீட்டாருக்கோ தவக்கால வெள்ளியில் இறைச்சிதான் விலக்கு, மீனுக்குத் தடையில்லை. விராலைப் பையில் போட்டு அவருடைய மோட்டார் சைக்கிளில் கொழுவிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டேன். அந்தச் சேட்டோடு கோயிலுக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை, மீன் எப்படி என்று கேட்டேன். ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "அம்மா கேட்டவ, வாற வெள்ளியும் கிடைக்குமோ எண்டு" என்றார். தன் வாயால் ஒன்றும் சொல்லவில்லை, கள்ளன். ஆனாலும் அந்தத் தவக்காலம் முடியும்வரை வெள்ளிக்கு வெள்ளி அந்த அம்மாவுக்காகத் தூண்டில் போட்டேன். ஒரு துண்டுகூட நான் ருசி பார்த்ததில்லை. அவ்வளவு சந்தோஷமாக வேறெந்த வேலையும் செய்ததுமில்லை.

இப்போது அந்தக் குளத்தைச் சுற்றி நடைபாதை, வர்ண விளக்குகள், மீன்பிடிக்கத் தடை என்று ஒரு பலகை. தாமரையையும் அள்ளிவிட்டார்கள். அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சந்தையில் நின்றபடியே பற்றிக் அண்ணைக்குப் போன் எடுத்து, விரால் வந்திருக்கிறது, வாங்கவா என்று கேட்டேன்.

"குளத்து விராலோ?"

"இல்லையண்ணை, தொட்டியிலை வளர்த்தது."

"உது மீனே?" என்றார் பற்றிக் அண்ணை.