பெரியப்பா வேலை எடுத்துக்கொடுத்த இங்கிலாந்துக்காரர்

புரோசார்ட் புறநகரில் என் பெயர் போட்ட கடைக்குள் நுழைகிறவர்கள், வியாபாரம் எங்கே படித்தீர்கள் என்று என்னைக் கேட்பதுண்டு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் எந்த ஆள் எந்த வேலைக்குச் சரி என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அது பெரியப்பாவிடம் இருந்து வந்த வித்தை. அவரே ஒரு ஆளிடம் தடுமாறினார்.

அப்போது நகருக்குள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு நிலக்கீழ் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். எனக்குப் பத்து வயது. தமிழ், இங்கிலீஷ், பிரெஞ்சு மூன்றும் என் வாயில் ஓடும். டாக்டரிடம் போனாலும் வீட்டுக்காரனிடம் போனாலும் பெரியவர்களுக்கு வாய் நான்தான். ஒரு இடத்தில் இருக்கமாட்டேன்.

மேல்வீட்டு இங்கிலாந்துக்காரரும் என்னைப் போலத்தான். தனி ஆள். பகல் முழுக்கப் பியானோவில் ஒரே இசைத் துண்டை வாசிப்பார், பாதியில் நிறுத்துவார், எழும்பி நடப்பார், திரும்பவும் அதே துண்டு.

"இந்த மனுசன் தானும் இருக்காது, எங்களையும் இருக்க விடாது" என்பார் அம்மா, கூரையைப் பார்த்து.

பெரியப்பாவுக்கு வேறு கவலை. ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்து இறங்குகிற எவரையும் அடுத்த கிழமையே ஏதாவது வேலையில் தள்ளிவிடுவார். தான் இருக்கிற கட்டடத்தில் ஒரு ஆம்பிளை பகலில் சும்மா இருப்பது அவருக்கு மானக்கேடு.

"வெள்ளையெண்டா வயிறு இல்லையோ? வாடா, கேட்டுப் பாப்பம்" என்று என்னை இழுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

அறையில் பியானோவும் கட்டிலும்தான். என்ன வேலை தெரியும் என்று கேட்டேன். அவர் நடந்துகொண்டே சொன்னார், நெடுநேரம். சிறுவனாகத் தேவாலயத்தில் பாடியது, லண்டனில் படித்தது, தான் எழுதிய இசையைத் தானே ஊர் ஊராக வாசித்தது, வானொலியில் அவரைப் போட்டது, பிறகு இளையவர்கள் வந்தது, அவரை யாரும் கூப்பிடாமல் விட்டது. இங்கே படிப்பிக்க வந்தாராம், அதுவும் முடிந்துவிட்டதாம்.

"என்னவாம்?"

"பியானோ வாசிப்பாராம், பெரியப்பா."

"அது எங்களுக்கும் கேக்குதுதானே. வேலை என்னவாம்?"

"அதுதானாம் வேலை."

பெரியப்பா அவரை இரக்கத்தோடு பார்த்தார். "பெட்டி தூக்குவாரோ எண்டு கேள்."

அவர் நடப்பதை நிறுத்தினார். தூக்குவேன் என்றார்.

அடுத்த திங்கட்கிழமை பெரியப்பாவின் வான் வண்டியில் ஏறிப் போனார். முட்டைக்கோஸ் நிறைந்த கோவாப் பெட்டி இறக்கினார், தக்காளி அடுக்கினார். பின்னேரம் வந்து வாசித்தால், வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டிப் பியானோ போனது. "இண்டைக்கு அங்காலை போயிட்டுது" என்றார் அம்மா.

பிறகு ஒருநாள் மெட்ரோவுக்குப் பக்கத்துத் தேவாலயக் கதவில் அவருடைய முகம் ஒட்டியிருந்தது. புகழ்பெற்ற ஆங்கில இசையமைப்பாளர் தன் புதிய படைப்பைத் தானே வாசிக்கிறார் என்று பெரியப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன்.

"கடவுளே, இப்பிடிப்பட்ட ஆளையோ நான் கோவாப் பெட்டி தூக்க வைச்சனான்?"

அன்று வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தது பெரியப்பாதான். கடைசியில் நல்ல சேட்டொன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு தட்டு வடையோடு மேலே போனார். "மன்னிக்கட்டாம் எண்டு சொல்லு. இனி அவர் சந்தைக்கு வரத் தேவையில்லை."

பெருமையோடு சொன்னேன். வகுப்பில் எல்லோரிடமும் அவரைப் பற்றி ஏற்கனவே அளந்துவிட்டிருந்தேன்.

அவரோ வேலையில் ஏதும் பிழை விட்டேனா என்று கேட்டார். இல்லை என்றதும் பெரியப்பாவின் கையைப் பிடித்தார். பிடித்த கையின் நகங்களுக்குள் மண் இருந்தது. நாளைக்கு வரவா என்று கேட்டார்.

"வடிவாக் கேளடா, பிழையா விளங்கியிருப்பாய்."

"வரட்டோ எண்டுதான் கேக்கிறார்."

பெரியப்பா கையை இழுக்கவில்லை. "வான் அஞ்சு மணிக்கு வெளிக்கிடும்" என்றார். அதையும் சொன்னேன்.

எனக்குச் சரியான எரிச்சல். கதவில் படம் போட்ட ஆள் எங்களிடம் ஏன் கெஞ்ச வேண்டும்? படி இறங்கும்போது பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் நாளைய பெட்டிகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு இறங்கினார். அவருக்கு இங்கிலீஷ் காணாது, பாவம், மேலே நடந்தது ஒன்றும் விளங்கவில்லை என்று அந்தப் பத்து வயதில் நினைத்துக்கொண்டேன்.