வா சொல்லும் பட்டன்

என் நைனாவின் குரலை நான் ஒரு பழைய கம்ப்யூட்டர் கீபோர்டுக்குள் வைத்தேன். இப்படிச் சொன்னால் பெரிய கெட்டிக்காரி மாதிரித் தெரியும். உண்மையில் வேறு வழி இல்லாமல் செய்தது.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். நைனா மீன் பிடிக்கிறவர். தொண்டையில் வந்த கட்டிக்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை, அதில் ஒரு சின்னக் குழாய். மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு போனதோடு ஏரியும் போனது. துளைக்குள் தண்ணீர் புகுந்தால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும், அதனால் படகில் கால் வைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சளி கட்டித் துளை அடைத்துக்கொண்டால் சில நிமிஷங்கள்தான் தாங்குவார், யாராவது உடனே போய் அதை எடுத்தாக வேண்டும் என்றும் சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மாவும் நானும் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தோம். கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

போனில் எழுதிக் காட்டச் சொன்னேன். கயிறு இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய விரல்கள். தொடுதிரை அவற்றை விரலாகவே மதிக்கவில்லை. நைனா ஒரு எழுத்துக்காகப் பத்துத் தடவை குத்திவிட்டுப் போனைத் தூக்கிக் கட்டிலில் போட்டார். எனக்கும் கோபம் வந்தது. அவர் மேலா, போன் மேலா என்று தெரியாத கோபம்.

நான் மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சோதிக்கிறேன். கூட வேலை செய்கிறவர் கேம் ஆடிச் சலித்த ஒரு கீபோர்டைக் கொடுத்தார். ஒயர் இல்லாதது. ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஸ்விட்ச், தனி ஸ்பிரிங். அழுத்தினால் அழுத்தினோம் என்று விரலுக்குத் தெரியும். அதைப் பிரித்தேன். நைனா கையை மேலே வைத்தாலே நாலு பட்டன் இறங்கியதால், ஸ்விட்ச்சுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கெட்டியான ஸ்பிரிங் போட்டேன். பட்டன்களில் தமிழ் எழுத்து ஒட்டினேன். அவர் அடிப்பதை வீட்டுக்குள் சார்ஜில் இருக்கும் போன் வாய்விட்டுப் படிக்கும். ஓரத்தில் ஒரு பட்டனுக்குச் சிவப்பு மூடி. அதைத் தட்டினால் போதும், போன் "வா" என்று சொல்லும்.

அந்தக் குரல் ஒரு பெண்ணின் குரல். எந்த ஊர் வாடையும் இல்லாத, திருத்தமான குரல். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"யாரோ ஒரு பொம்பள ஊட்டுக்குள்ள நின்னுகினு கூப்புடறா மாரி கீது" என்றாள்.

அம்மாவுக்கு ஒரு கணக்கு உண்டு. எங்கள் பக்கத்தில் பலருக்கும் உண்டு. ஆளைப் பார்க்காமல் குரல் மட்டும் கேட்டால் ஒன்று, இரண்டு வரைக்கும் பதில் கொடுக்கக் கூடாது. பேய் பிசாசு எதுவும் மூன்றாம் தடவை கூப்பிடாதாம். "மூணாவது தபா கூப்ட்டா தான் மனுசன்" என்பாள். கீபோர்டுக்கும் அதே சட்டம்தான். நைனா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். வேண்டுமென்றால் மூன்று தடவை தட்டுவார், அம்மா போவாள்.

கயிற்றுக் கட்டிலில் கீபோர்டு வழுக்கிக்கொண்டே போனது. கனம் போதவில்லை என்று நைனா அடித்துக் காட்டினார். பிறகு தன் பழைய வலையின் அடிக்கயிற்றிலிருந்து ஈயக்குண்டுகளை அவிழ்த்து என் கையில் கொட்டினார். டேப் சுற்றி, பெட்டியின் அடியில் அடுக்கி மூடினேன். நாளெல்லாம் போர்டைக் கையில் வைத்திருக்கிற எனக்கே, எத்தனையோ வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்த ஈயத்தைச் சர்க்யூட்டுக்கு அடியில் வைக்கிறோம் என்று உறைக்கவில்லை. எங்கள் கதவில் உப்பு, கொடியில் காயும் துணியில் உப்பு. அதை யார் கண்டுகொள்கிறார்கள்?

வாடைக்காற்று தொடங்கிய ஒரு மத்தியானம். மூவரும் வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நைனாவின் கை சோற்றில் இருந்தது.

"வா" என்றது போன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வாசலுக்கு வெளியே, வேலமரத்தடியில், கட்டிலும் அதன் மேல் கீபோர்டும் தெரிந்தன. பக்கத்தில் ஆள் இல்லை, நாய் இல்லை, காக்காய் இல்லை. அப்பால் ஏரி.

"வா."

நைனா தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரிப்பில் இப்போது சத்தம் இருக்காது. அம்மா சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் காத்திருந்தாள். மூன்றாவது வரவில்லை.

அதற்குப் பிறகு ஈரக்காற்று அடித்தால் கூப்பிடும். துணி காயப்போடும்போது கூப்பிடும், மழை இருட்டிக்கொண்டு வரும்போது கூப்பிடும். ஒன்று, இல்லாவிட்டால் இரண்டு. மூன்றாவது ஒரு நாளும் கிடையாது. கழற்றிப் பார்க்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது இல்லாமல் நைனா ஒரு பொழுதுகூட ஊமையாக இருக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டார்.

"அது நம்மள கூப்புடல, உங்க நைனாவ கூப்புடுது" என்றாள் அம்மா.

"எம்மா, சும்மா கெட. உள்ள ஈரம் பூந்துகீது, அவ்ளோதான்" என்றேன்.

அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அது கூப்பிடும்போதெல்லாம் நைனா தலையைத் திருப்புவார், போன் இருக்கும் வீட்டுப் பக்கம் இல்லை, ஏரிப் பக்கம். ஒரு சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. நைனா கரையில் நின்றுகொண்டிருந்தார். அலை கணுக்காலை நனைத்துப் போய்க்கொண்டிருந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் போல என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன்.

பட்டன்களைக் கம்பிக் கொக்கியால் பிடுங்கினேன். ஸ்விட்ச்சுகளை எடுத்து, தகட்டைத் தூக்கினேன். உள்ளே ஒரு குட்டி ஏரியே இருந்தது. ஈயத்தின் மேல் டேப் ஊறி வழுவழுத்தது. போர்டில் வெள்ளையாக உப்புப் பூத்து, செம்பெல்லாம் பச்சை பிடித்திருந்தது. சிவப்பு பட்டனின் கால் இருந்த இடத்தில்தான் பச்சை அதிகம். "இதோ பாரு, இதுதான் உன் பேய்" என்று அம்மாவுக்குக் காட்டினேன். அவள் கிட்டே வரவில்லை.

ஸ்பிரிட் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்தேன். அரித்துப்போன கம்பித் தடங்களை ஈயப்பற்று வைத்துச் சேர்த்தேன். குண்டுகளை எடுத்து எறிந்துவிட்டு, கட்டிலில் வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் ஒட்டினேன். வெயிலில் காயவைத்து மூடினேன். மழை வந்தது, காற்று வந்தது. கீபோர்டு வாயைத் திறக்கவில்லை. நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

எனக்கு விடுமுறை நாள் ஒன்று. நல்ல வெயில். அம்மாவும் நானும் அடுப்படியில் எறா உரித்துக்கொண்டிருந்தோம்.

"வா."

நான் எழுந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடீ. மூணாவது வரட்டும்."

"நான் கழுவி வெச்சதும்மா. இனிமே அது தானா பேசாது. நைனாதான்."

"வா" என்றது மறுபடி.

அவள் கையை உதறிவிட்டு ஓடினேன். பாசத்தில் ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். என் வேலை மேல் எனக்கிருந்த திமிர்தான் என்னை ஓட வைத்தது.

கட்டிலில் கீபோர்டு மட்டும் இருந்தது. நைனா அங்கே இல்லை. கரையோரம் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்கு அந்தப் பக்கம், வலைக் குவியலின் மேல், மண்டியிட்டுக் கிடந்தார். இரண்டு கையும் கழுத்தில். உதடு நீலம். நான் கத்திய கத்தலில் அம்மா வந்துவிட்டாள். குழாயை உருவி, துளைக்குள் கட்டியிருந்த சளியை இழுத்துப் போட்டாள். அவள் கை நடுங்கவே இல்லை. காற்று விசில் அடித்துக்கொண்டு உள்ளே போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் மணலில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் நைனா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். "நான் மட்டும் அத்த சரி பண்ணலன்னா இன்னா ஆயிருக்கும் பாத்தியா?" என்று அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். நைனா கீபோர்டை மடியில் இழுத்து, ஒவ்வொரு எழுத்தாக மெதுவாக அடித்தார். வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண் படித்தாள்.

"நான் கூப்பிடவில்லை. எனக்கு எட்டவில்லை."

படகையும் கட்டிலையும் பார்த்தேன். இடையில் வெறும் மணல். அங்கிருந்து கை நீட்டிச் சிவப்பு பட்டனைத் தொட யாராலும் முடியாது. எங்கோ ஒரு மூலையில் உப்பு மிச்சம் இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வெயிலில், அந்தக் காய்ந்த காற்றில், ஈரம் எங்கிருந்து வந்தது? சரியாகத் தேய்த்திருந்தால் என் நைனா வலைக் குவியலில் செத்துக் கிடந்திருப்பார்.

பழக்க தோஷம், கை கம்பிக் கொக்கியை எடுத்தது. பிரித்தால் தெரிந்துவிடும். அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"பிரிக்காத. யாரு கூப்ட்டா எனக்கு இன்னா? கூப்ட்டுச்சு இல்ல?"

வாடைக்காற்று திரும்ப வந்தபோது அதுவும் திரும்பப் பேச ஆரம்பித்தது. அம்மா இப்போது எண்ணுவதில்லை. முதல் "வா"வுக்கே எழுந்துவிடுகிறாள். அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் போகிறாள். கட்டிலருகில் போய், அவர் கழுத்துத் துளைக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து, மூச்சு படுகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறாள். ஒவ்வொரு தடவையும் அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.

அவள் கடைக்குப் போயிருக்கும்போது கூப்பிட்டால் நான் போகிறேன். அது வெறும் பழுது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓடுகிறேன்.