முப்பத்தோராம் நாள் பிரசங்கம்

புலம்பெயர்ந்து வந்து மிச்சம் என்ற ஊரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில், வீட்டுக்கார அங்கிள் காலமானபோது அவருடைய மகளின் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகியிருந்தது. அதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சாகுமுன் அவரே சொல்லியிருந்தார். ஆனால் தகப்பனுக்குப் பதிலாகப் பிள்ளையின் கையைப் பிடித்து வேதக்கோயிலுக்குள் யார் கூட்டிப்போவது? தான்தான் என்றார் அங்கிளின் மனைவி அன்ரி. அங்கிளின் தமையன், அன்ரிக்கு அத்தான் முறை, ஒத்துக்கொள்ளவில்லை. துக்கம் கழியாத பெண்சாதி முன்னுக்கு வரக்கூடாதாம், பின்வரிசையில் இருந்தால் போதுமாம், தானே கூட்டிப்போவாராம். அதற்கென்று கோட்டும் தைக்கக் கொடுத்துவிட்டார்.

அங்கிள் காலமான முப்பத்தோராம் நாள் செபக்கூட்டம் வீட்டில் நடந்தது. பாஸ்டருக்கு அன்றைக்கு பஸ் ஓட்டும் ஷிப்ட். ஆகவே அன்ரி என்னைப் பேசச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் படித்தவன் நான். எனக்கு எல்லாம் தெரியும் என்று அன்ரி நம்பினார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

எதைப் பேசுவது என்பதையும் அவரே தீர்மானித்திருந்தார். துக்கத்தைச் சந்தோஷமாக மாற்றுவேன் என்று எரேமியா தீர்க்கதரிசி மூலம் ஆண்டவர் வாக்களித்த இடம்.

"அத்தானுக்கு முன்னால இதை வடிவாச் சொல்லும், தம்பி. வேதத்தில இருந்து சொன்னா அவருக்கு மறுக்க ஏலாது."

பின்னணி தெரியாமல் வாக்கு விளங்காது என்று எனக்குப் பட்டது. ஒரு கிழமை முழுக்க நூலகத்தில் கிடந்து படித்தேன். அன்று பேச்சை எரிந்த நகரத்தில் தொடங்கி, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன சனத்தின் பின்னால் நானும் மெதுவாக நடந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் ஒற்றைப் பையோடு ஊரை விட்டு ஓடி வந்தவர்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. முதலில் சோபாவின் ஒரு பக்கம் விம்மியது. பிறகு மறுபக்கம். தமையனார் முகத்தைப் பொத்திக்கொண்டார். என் பேச்சு எடுபடுகிறது என்ற உற்சாகத்தில் பாதையை இன்னும் நீட்டினேன். டிஷ்யூ முடிந்து, யாரோ குளியலறையிலிருந்து கொண்டுவந்த பேப்பர் உருளை கைமாறிக் கைமாறிப் போனது.

குசினி வாசலிலிருந்து அன்ரி சொன்னார்: "தம்பி, எல்லாரும் நல்லா அழுதிட்டினம். இனிச் சந்தோஷத்துக்கு வாரும். பொரிச்ச ரோல்ஸ் ஆறுது."

அவசரமாக வாக்கைச் சொல்லி முடித்தேன். தமையனார் மூக்கைச் சிந்திவிட்டு, "மாத்துவன் எண்டுதானே இருக்கு. எப்ப எண்டு இல்லையே?" என்றார்.

படித்தவனிடம் கேள்வி கேட்டால் பதில் வந்துவிடுகிறது. அந்தச் சனம் திரும்பிவர எழுபது வருஷம் என்று சொல்லிவிட்டேன்.

"பாத்தியே, பிள்ளை," என்றார் தமையனார், அன்ரியைத் திரும்பிப் பார்த்து.

அன்ரி என்னை ஒருமுறை பார்த்தார். அந்த மாத வாடகையை முன்கூட்டியே கொடுத்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

"எனக்கு இப்பவே அறுபத்திரண்டு, அத்தான்," என்றார். "எழுபது வருஷம் மாப்பிள்ளை பொறுத்தாலும், கோயில் மண்டப புக்கிங் ரெண்டு மணித்தியாலம்தான்."

சோபாவின் ஒரு பக்கம் சிரித்தது. கண்ணீர் காயாத முகங்களோடு மறுபக்கமும் சிரித்தது. தமையனார் கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. குலுங்கிச் சிரித்துக்கொண்டே, "சரி, நீயே கூட்டிக்கொண்டு போ," என்றார்.

கல்யாணச் சனிக்கிழமை அன்ரி பச்சைச் சேலையில் மகளோடு கோயிலுக்குள் வந்தார். ஓர்கன் வாசித்தவர் பாட்டில் பாதியைத் தாண்டவில்லை, இருவரும் பீடத்துக்கு வந்துவிட்டார்கள். ஏன் அவ்வளவு வேகம் என்று பிறகு அன்ரியிடம் கேட்டேன். தமையனார் மனம் மாறுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்தாராம்.