சிறுகுறிஞ்சான் துவையல்

சிறுகுறிஞ்சான் கொடியின் இலை சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாரோ சொல்ல, திருவானைக்காவலில் வாங்கிவந்து, கணவருக்குத் தெரியாமல் துவையலில் அரைத்துவிட்டேன். அன்று காலை அந்தத் துவையலைச் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை உதறியது. பக்கத்து சீட்டு அம்மாள், "சுகர் இறங்கிடுச்சு போல, எனக்கும் சுகர்தான்" என்று தன் பையிலிருந்த சர்க்கரையை அவர் வாயில் போட்டார்.

"இனிக்கவே இல்லையே, மண்ணு மாதிரி இருக்கு" என்று என் கணவர் முனகினார்.

அந்த அம்மாள் என் காதருகே குனிந்தார். "சிறுகுறிஞ்சான் குடுத்தீங்களா? அதைத் தின்னாதான் நாக்குல இனிப்பே தெரியாது. மாத்திரையோட அதையும் குடுக்கலாமா? டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க."

மலைக்கோட்டை வருவதற்குள் அவர் தெளிந்துவிட்டார். டாக்டரிடம் தனியாகச் சொன்னேன், கணவரிடம் சொல்லவில்லை. அந்த அம்மாள் கொடுத்தது மட்டமான சர்க்கரை என்று இன்றும் அவர் சொல்லும்போதெல்லாம், நான் "ஆமாங்க" என்கிறேன்.